சாயங்காலத் தேய்ப்பு

நம்மோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு இப்போது சொந்தப் பல் கிடையாது. மீதிப் பேர் முறுக்குத் தட்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். நம் கூட்டத்தில் பல் போனவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள், அது வேறு விஷயம். எனக்கு இன்னும் இருபத்தெட்டுப் பல் இருக்கிறது. அந்தத் திமிரில்தான் போன வாரம் போடியில் பல் சுத்தம் செய்துகொள்ளப் போனேன்.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். பல்லில் படிந்த காரையெல்லாம் எடுத்து முடித்துவிட்டு, “கடைசியா பாலிஷ் மட்டும் போட்டு விட்டுர்றேன்மா” என்றாள். சுழலும் சின்ன ரப்பர்க் கிண்ணியில் ஏதோ பசையைத் தொட்டுப் பல்லில் வைத்தாள். நாக்கில் நறநறவென்று ஒரு மாவு. கிராம்பும் புதினாவும் கலந்த ருசி. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். “வலிக்குதாம்மா?”

வலிக்கவில்லை. அந்த மாவு எனக்குத் தெரிந்த மாவு. பத்து வயதில் அதைக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டுப் புறவாசலில் தினமும் நின்றிருக்கிறேன். வாய் மட்டும் என்னுடையதில்லை, அக்காவுடையது.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பா மலையில் ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். சனிக்கிழமை ஜீப்பில் தொற்றிக்கொண்டு கீழே இறங்கி வருவார், திங்கள் விடியலில் ஏறிவிடுவார். அம்மாவுக்குக் காய் பொறுக்கும் சோலி. வியாபாரியின் கிட்டங்கியிலிருந்து ஏலக்காய் மூட்டை எங்கள் வீட்டுக்கே வரும். தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து, சொளகில் காயைப் பரப்பி, நல்ல பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று ஒதுக்குவார்கள். அம்மாவின் கண் பொல்லாத கண். ஒரு கைப்பிடிக் காயில் ஒரே ஒரு பழுப்பு இருந்தாலும் அவளுடைய விரல் நேராக அங்கே போய் நிற்கும்.

அந்தக் கண்தான் அக்காவின் பல்லிலும் போய் நின்றது.

அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். அவளுக்கு முன்பல் எல்லாவற்றிலும் குறுக்கே பழுப்புக் கோடுகள். நடுநடுவே சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். சிரிப்பு வந்தால் புறங்கையை வாய்க்குக் கொண்டுபோவாள். தும்மலுக்கு மூக்கைப் பொத்துவதுபோல அது அவளுக்குத் தானாக வரும். அவள் பிறந்தபோது அப்பாவும் அம்மாவும் மலையில் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில், குடியிருந்தார்கள். அட்டையும் குளிரும், பள்ளிக்கூடமும் கிடையாது. அதனால் கைக்குழந்தையிலிருந்து எட்டு வயது வரை அவளை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அத்தையைக் கட்டிக்கொடுத்திருந்தது கிழக்கே ஒரு வானம் பார்த்த பூமியில். அத்தை பிள்ளைகள் மூன்று பேருக்கும் அதே மாதிரிப் பல்தான். “காட்டுப் பிள்ளைக, பல்லே விளக்காதுக. அதுகளோட சேந்து இவளும் விளக்கல” என்பாள் அம்மா. போடியில் குடியேறிய பிறகு பிறந்த எனக்கு அரிசி மாதிரிப் பல். “சின்னவ பாரு, எப்படி வச்சிருக்கா” என்று என்னைக் காட்டிக் காட்டித்தான் அக்காவைத் திட்டுவாள். உண்மையில் பல் விளக்குவதில் நான்தான் சோம்பேறி. அக்கா வேப்பங்குச்சி ஒரு தடவை, ரோஸ் பல்பொடி ஒரு தடவை என்று ஈறு சிவக்க விளக்குவாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் தேவாரம் என்ற ஊர்ப் பக்கமிருந்து அக்காவைப் பெண் கேட்டு ஆள் வந்தது. மலைச்சரிவில் கொஞ்சம் ஏலக்காடு உள்ள குடும்பம், பையன் நல்லவன் என்று அப்பாவே மலையில் விசாரித்து வைத்திருந்தார். கார்த்திகை கடைசியில் பார்க்க வருவதாகப் பேச்சு. அம்மாவுக்குச் சந்தோஷம் ஒரு நாள்தான் இருந்தது. மறுநாள் காய் பொறுக்க வந்த ஒருத்தி சொல்லிவிட்டாள், “அந்த வீட்டு வழக்கம் தெரியும்ல? பொண்ணு பாக்க வந்தா மாமனாரு மடியிலேருந்து காயெடுத்துக் குடுப்பாரு. பொண்ணு கடிச்சுப் பாத்து, காஞ்சிருக்கா ஈரமான்னு சொல்லணும்.”

ஏலக்காய்க் குடும்பங்களில் சிலதில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. காயை முன்பல்லில் வைத்துக் கடித்தால் நன்றாகக் காய்ந்தது ‘டிக்’கென்று உடையும், ஈரக்காய் நசுங்கும். வரப்போகிற மருமகளுக்குக் காய் தெரிகிறதா என்று பார்க்கும் சாக்கு. கடிக்கும்போது உதட்டை விலக்கித்தான் ஆகவேண்டும், புறங்கையை வைத்து மறைத்துக்கொண்டு கடிக்க முடியாது. அம்மா அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

அடுத்த வாரம் அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் போடியில் இருந்த பல் டாக்டரிடம் போனோம். மாடியில் ஒற்றை அறை. தையல் மெஷின் மாதிரி காலால் மிதிக்கும் இயந்திரம், அதிலிருந்து கயிறு ஓடி டாக்டர் கையிலிருக்கும் குழாயைச் சுழற்றும். கம்பவுண்டர் மிதிப்பார், டாக்டர் வாய்க்குள் வேலை செய்வார். முதலில் கொக்கிபோல் ஒரு கம்பியால் சுரண்டினார். பிறகு கண்ணாடிக் கிண்ணத்தில் சாம்பல் நிற மாவைக் குழைத்து, சுழலும் ரப்பரில் தொட்டு, ஒவ்வொரு பல்லிலும் ஒரு நொடி வைத்து வைத்து எடுத்தார். அக்கா நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்தார். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். டீக் கறையும் மஞ்சளும் போய்ப் பல் பளிச்சென்று இருந்தது. கோடுகள் மட்டும் மங்கலாக நின்றன.

“இது என்னங்கய்யா, இந்தக் கோடு?” என்றாள் அம்மா.

“அது மேல ஒட்டுன கறை இல்லம்மா. பல்லு உள்ளுக்குள்ள முளைக்கும்போதே அதோட சேந்து வந்தது. சின்ன வயசுல குடிச்ச தண்ணியில அப்படி வரும். மெருகு போட்டா மேல இருக்கிறதுதான் போகும்.”

“இன்னும் ரெண்டு தேய் தேச்சா?”

“பல்லுதான் தேயும். இந்த மாவு நுரைக்கல்லு. ஒரு தடவை, மெதுவா தொட்டு எடுக்கணும், அவ்வளவுதான். பல்லோட மேல்தோல் போச்சுன்னா திரும்ப வளராது.”

அம்மா தலையை ஆட்டினாள். அவளுடைய அந்தத் தலையாட்டலுக்கு ‘நீ சொல்லு, எனக்குத் தெரியும்’ என்று அர்த்தம். டாக்டர் கை கழுவப் போனதும், முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கைப்பிடி முதல்தரக் காயை எடுத்துக் கம்பவுண்டர் கையில் திணித்தாள். அவர் கிராம்பு வாசமடிக்கும் அந்த மாவை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

அன்றைக்குத் திரும்பி வரும் வழியில்தான் அக்கா முழுசாகச் சிரித்ததை முதல்முதலாகப் பார்த்தேன். எஸ்டேட் ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு போன ஒருவரின் வேட்டி காற்றில் பறந்து, பக்கத்தில் தொங்கியவர் முகத்தை மூடிக்கொண்டது. அக்கா நடுத்தெருவில் நின்று சிரித்தாள். கை மேலே வரவில்லை. இப்படிச் சிரிக்கிறவளா இவள் என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையிலிருந்து தேய்ப்பு ஆரம்பமானது.

அம்மாவைத் திட்டுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் தேய்த்தால்தான் எதுவும் சுத்தமாகும். ஸ்டோரிலிருந்து எடுத்த சூட்டோடு காயைச் சாக்கில் போட்டுத் தேய்ப்பார்கள், காம்பும் நுனியில் காய்ந்த பூவும் உதிர்ந்து காய் மினுமினுக்கும். தேய்க்காத காயை யாரும் கையால் தொட மாட்டார்கள். அதே சாக்கில் ஒரு துண்டைக் கிழித்துத் துவைத்து விரலில் சுற்றிக்கொண்டாள். புறவாசல் துவைகல்லில் அக்காவை உட்காரவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மாவைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். மாவுக் காகிதமும் தண்ணீர்ச் செம்பும் என் கையில். டாக்டர் ஒரு நொடி வைத்த இடத்தில் அம்மா நூறு எண்ணும்வரை தேய்த்தாள்.

பத்துப் பதினைந்து நாள் ஆகியும் கோடு போகவில்லை. பல் வெளுக்க வெளுக்கக் கோடு முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காய் பொறுக்கும் பெண்களில் இரண்டு பேர் வெற்றிலை போடுகிறவர்கள். அக்கா அவர்களோடு ஒட்டி உட்கார்ந்துதான் பொறுக்குவாள்.

அடுப்படியில் என்னைப் பிடித்து வைத்துக் கேட்டாள். “உண்மையச் சொல்லு. உங்கக்கா வெத்தல போடுறாளா? பொயல கியல வாங்கி அடக்குறாளா?”

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நான் ஜீப்பின் பின்னால் தொங்கிப் பழகியதை அக்கா அம்மாவிடம் சொல்லி, நான் விளக்குமாற்றுக் கட்டையால் வாங்கியிருந்தேன். முதுகில் தடிப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“ஒரு தடவ பாத்தேன்” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மூன்றே சொல். அன்றைக்கே அக்கா காய் பொறுக்கும் கூட்டத்தில் உட்காரக் கூடாது என்று ஆயிற்று. காலையில் மட்டும் இருந்த தேய்ப்பு சாயங்காலமும் சேர்ந்துகொண்டது. “நான் ஒன்னும் போடலம்மா” என்று அக்கா ஒரே ஒரு தடவை சொன்னாள். “வாய மூடு. வாயால கெட்டது போதும்” என்றாள் அம்மா. பிறகு வாயைத் திறக்கச் சொல்லித் தேய்த்தாள்.

அதற்குப் பிறகு அக்கா தண்ணீர் குடிக்கும் விதம் மாறியது. செம்பை அண்ணாந்து மளமளவென்று குடிக்கிறவள், கொஞ்சம் கொஞ்சமாக உள்நாக்கில் விட்டுக்கொண்டாள். மோர் வேண்டாம் என்றாள். புளிக்குழம்பைத் தள்ளி வைத்தாள். எச்சில் துப்பினால் இளஞ்சிவப்பாக வந்தது. “பல்லு கூசுதும்மா” என்றதற்கு, “அழுக்குப் போகும்போது அப்படித்தான் கூசும்” என்று பதில் வந்தது.

ஒரு வாரம் அப்பாவால் கீழே வர முடியவில்லை, காய் எடுப்பு மும்முரம். நாங்களே மலைக்குப் போனோம். ஜீப்பு வளைவுக்கு வளைவு ஏற ஏறக் குளிர்காற்று முகத்தில் அடித்தது. நான் வாயைத் திறந்து காற்றைக் குடித்துக்கொண்டு வந்தேன். அக்கா துண்டை மடித்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டு மலையுச்சி வரை வந்தாள். ஸ்டோருக்குள் நுழைந்ததும்தான் துண்டை எடுத்தாள். உள்ளே கதகதப்பு. மூச்சை இழுத்தால் நெஞ்சு வரை ஏலவாசம்.

அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் காயைச் சாக்கில் போட்டு மாங்கு மாங்கென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். “ஏத்தா, காயச் சுத்தம் பண்றியா, தோல உரிக்கிறியா? ரெண்டு பெரட்டுப் பெரட்டி விட்ரணும். தோலு வெடிச்சா உள்ள இருக்கிற ஏலரிசிக்கு ஏது காவலு?”

“அதான, தெரியாத கையில குடுத்தா அப்படித்தான்” என்றாள் பக்கத்தில் நின்ற அம்மா.

அப்பா அக்காவின் முகத்தைத் திருப்பிப் பார்த்து, “பல்லு சும்மா பளபளன்னு இருக்கே தாயி” என்று சந்தோஷப்பட்டார். அக்கா உதட்டை மூடிக்கொண்டே சிரித்தாள். நால்வரும் ஒரே இடத்தில் நின்றோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கார்த்திகை கடைசியில் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. அந்த அம்மா முந்தானை நுனியை வாயருகே பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பெரிய இடத்து அடக்கம் என்று எங்கள் அம்மா நினைத்துக்கொண்டாள். காராச்சேவும் காப்பியும் ஆனது. மாமனார் மடியை அவிழ்த்து ஒரு காயை எடுத்து நீட்டினார். “கடிச்சுச் சொல்லு தாயி. காஞ்சிருக்கா?”

அக்கா வாங்கினாள். முன்பல்லில் வைத்தாள். கடித்தாள்.

‘டிக்’கென்ற சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த நொடி அக்காவின் உடம்பே ஒரு தடவை தூக்கிப் போட்டது. காய் தரையில் விழுந்தது. இரண்டு கண்ணிலும் நீர் பொலபொலவென்று இறங்கியது. “காஞ்சிருக்கு மாமா” என்று சொல்ல முயன்றாள், பாதியில் குரல் நின்றுவிட்டது.

மாமனார் மடியைக் கட்டிக்கொண்டார். “பொண்ணுக்குச் சம்மதம் இல்ல போல. அழ வச்சுக் கூட்டிட்டுப் போற பழக்கம் எங்களுக்கு இல்லங்க” என்று எழுந்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “வெக்கங்க, சின்னப்புள்ள” என்று அம்மா குறுக்கே போய் நின்றாள்.

“செத்த உக்காருங்க” என்றது அந்த மாமியார் குரல். “நீ இங்கிட்டு வா தாயி. வாயத் தொற.”

அக்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு திறந்தாள். அந்த அம்மா அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஈறு விலகி, பல்லின் வேர்ப்பக்கம் தேய்ந்து குழிந்திருந்தது.

“யாரு இப்படித் தேச்சது?”

அம்மா, “வெத்தலக் கறைங்க. கெட்ட சகவாசம். அதான் எடுத்து விட்டேன்” என்றாள்.

“வெத்தலக் கறையா?” அந்த அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். அப்படியே அக்காவின் பல். அதே கோடு, அதே சுண்ணாம்புத் திட்டு. “நான் பொறந்ததிலேருந்து வெத்தலயத் தொட்டதில்ல. இது எந்த ஊருத் தண்ணி குடிச்சு வளந்த புள்ள?”

அப்பா அத்தையின் ஊரைச் சொன்னார்.

“பக்கத்து ஊருதான் என் பொறந்த ஊரு. அங்கிட்டு எல்லாப் புள்ளைக்கும் இதே பல்லுதான். என்னைய மூணு வீட்டுல இதுக்காகவே வேணாம்னாங்க. செங்கப்பொடி, கரித்தூளு, எல்லாம் தேச்சுப் பாத்துட்டோம்.” அக்காவின் கண்ணைத் துடைத்துவிட்டார். “தேச்சாப் போகாது தாயி. இனி நானும் மூடல, நீயும் மூடாத.”

அக்கா அழுகையோடு சிரித்துவிட்டாள். அந்த அம்மாவும் சிரித்தார். இரண்டு பேர் வாயிலும் ஒரே பல். எங்கள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது என்று நினைக்கிறேன். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ‘வெத்தலை நான் சொன்ன பொய்’ என்று அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தை பிறந்ததும் கல்யாணம். நல்ல வீடு, அக்காவுக்கு நல்ல புருஷன், எனக்கு நல்ல மாமா. மாமியாரும் மருமகளும் சேர்ந்து சிரித்தால் பக்கத்து ஊர் ராசிங்காபுரம் வரை கேட்கும் என்று மாமா கேலி செய்வார். பல் கூச்சம் மட்டும் போகவில்லை. எந்தக் கோடையிலும் அக்கா வெதுவெதுப்பான தண்ணீர்தான் குடிப்பாள். ஐஸ் வண்டி மணி அடித்தால் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தான் உள்ளே போய்விடுவாள். அவள் ஊரிலிருந்து வருகிறாள் என்று தெரிந்தால் அம்மா முதலில் அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போடுவாள். ‘தப்புப் பண்ணிட்டேன்’ என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கண் மூடுகிற வருஷம் வரை வெந்நீர் போட்டாள்.

போன வாரம் பல் டாக்டர் பெண்ணிடம் கேட்டேன், இந்த மெருகு பல்லைத் தேய்க்காதா என்று. “பக்குவமாப் போட்டா ரொம்ப ரொம்பக் கொஞ்சம்தான்மா. எச்சில் மறுபடி மெல்லிசா ஒரு படலம் கட்டிரும். அடிக்கடி அழுத்தித் தேச்சாத்தான் ஆபத்து, போன எனாமல் வராது” என்றாள். அந்த மாடி டாக்டர் சொன்னதேதான்.

வீட்டுக்கு வந்தால் அக்கா வந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா இல்லாத வீடு, வெந்நீர் நான்தான் போட்டுக் கொடுத்தேன். அவள் தம்ளரை இரண்டு கையிலும் பிடித்து மடக்கு மடக்காகக் குடித்தாள். எனக்கு வாயில் அந்த மாவு ருசி இன்னும் இருந்தது. சொல்லிவிட்டேன்.

“அக்கா, நீ வெத்தல போட்டன்னு அம்மாகிட்டச் சொன்னது நான்தான்.”

“தெரியுமே. அன்னிக்கு அடுப்படிச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான நின்னேன்.”

“அப்ப ஏன் ஒன்னுமே கேக்கல?”

“வாயத் தொறந்தாத் தேச்சாளேடி உங்கம்மா” என்று சிரித்தாள். கை மேலே போகவில்லை. பழுப்புக் கோடு போட்ட, வேர் குழிந்த பல் முழுக்கத் தெரிந்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். அழுகைதான் வந்தது.

அக்கா என் முதுகில் கை வைத்தாள். பழைய தழும்பு இருந்த இடம் அவளுக்குத் தெரியும். “அழாத. நீ சொல்லாட்டியும் காலையில தேச்சிருப்பா. சாயங்காலத் தேய்ப்புத்தான் உன்னோடது.”

பிறகு தம்ளரை என்னிடம் நீட்டினாள். “ஆறிப்போச்சு. கொஞ்சம் சூடு பண்ணிக் கொண்டா.”

நான் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தேன்.